அமெரிக்க நேஷனல் பார்க் பயணம்: நுழைவுக் கட்டணமும் பாஸும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான டிக்கெட், ஹோட்டல், வாடகை கார் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டுவிட்டு, பார்க் நுழைவுக் கட்டணத்தை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். முன்பு அது பரவாயில்லை. 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனிக் கட்டணம் வந்தபிறகு, வாசலில் போய் யோசித்தால் சில நூறு டாலர் கூடுதலாகப் போய்விடும். எத்தனை பார்க் என்று எண்ணுவதற்கு முன், காரில் யார் யார் உட்காரப் போகிறார்கள், அவர்களுக்கு என்ன வயது, கையில் என்ன அடையாள அட்டை இருக்கிறது என்று பாருங்கள். பாதிக் கணக்கு அங்கேயே தெளிவாகிவிடும்.

ஒரு பார்க்குக்குள் போக எவ்வளவு ஆகும்?

பெரும்பாலான இடங்களில் கட்டணம் காருக்குத்தான், தலைக்கு இல்லை. யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, ஸையன், பிரைஸ் கேன்யன் போன்ற பெரிய பார்க்குகளில் ஒரு காருக்கு 35 டாலர். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ, ஒலிம்பிக், மவுண்ட் ரெய்னியர் ஆகியவற்றில் 30. கேப்பிட்டல் ரீஃபில் 20. கட்டினால் 7 நாள் செல்லும். வாடகை காரும் சொந்த காரும் இதில் ஒன்றுதான். 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது.

வாசலில் தரும் ரசீதைக் காரில் பத்திரமாக வையுங்கள். இன்று சாயங்காலம் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு நாளை காலை மறுபடி வரும்போது அதைத்தான் கேட்பார்கள்.

யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டனும் ஒட்டியே இருப்பதால் ஒரே கட்டணம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் தனித்தனியாக 35, மொத்தம் 70.

அந்த 80 டாலர் வருடாந்திர பாஸ் எப்போது லாபம்?

அதன் பெயர் அமெரிக்கா த பியூட்டிஃபுல் பாஸ். நேஷனல் பார்க்குகளோடு, வனத்துறை, நில மேலாண்மைத் துறை, வனவிலங்குத் துறை போன்ற மத்திய அரசு அமைப்புகளின் கையிலுள்ள இடங்களுக்கும் சேர்த்து, 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் செல்லும். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு விலை 80 டாலர்.

35 டாலர் பார்க் இரண்டு போனால் 70. பாஸுக்கு இன்னும் 10 டாலர்தான் இடைவெளி. மூன்றாவது பார்க் வந்ததுமே பாஸ் ஜெயித்துவிடும். யூட்டாவின் ஐந்து பார்க்குகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஸையன் 35, பிரைஸ் 35, கேப்பிட்டல் ரீஃப் 20, ஆர்ச்சஸ் 30, கேன்யன்லேண்ட்ஸ் 30, ஆக மொத்தம் 150. பாஸ் இருந்தால் 80. மேற்கே யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் பார்த்துவிட்டுக் கிழக்கே டெவில்ஸ் டவர் (25), பேட்லேண்ட்ஸ் (30) வழியாகத் திரும்பினால் 125. அங்கேயும் பாஸ்தான்.

இரண்டே பார்க் போகிறீர்கள் என்றால் அடுத்த பன்னிரண்டு மாதத்தை யோசியுங்கள். நீண்ட வார இறுதியில் இன்னொரு பார்க் போகும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும் பாஸை வாங்கிவிடுங்கள் என்பேன். கையில் பாஸ் இருந்தால், வழியில் தெரியும் சின்னச் சின்ன தேசிய நினைவிடங்களையும் "இதற்கும் ஒரு 20 டாலரா" என்று தயங்காமல் எட்டிப் பார்க்கலாம். சிறிய இடங்களில் கூட்டம் குறைவு, ரேஞ்சர்களும் நின்று பேசுவார்கள். எனக்கு அதுதான் இந்த பாஸின் பெரிய பலன்.

நாங்கள் இந்தியாவிலிருந்து சுற்றுலா விசாவில் வருகிறோம். எங்களுக்கு என்ன விதி?

இங்கேதான் கவனமாகப் படிக்கவேண்டும். அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு வருடாந்திர பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாமல் போனால், கீழே உள்ள 11 பார்க்குகளில் 16 வயது ஆன ஒவ்வொருவரும் வழக்கமான கட்டணத்தோடு தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்டவேண்டும்:

அகேடியா, பிரைஸ் கேன்யன், எவர்கிளேட்ஸ், கிளேசியர், கிராண்ட் கேன்யன், கிராண்ட் டீட்டன், ராக்கி மவுண்டன், செகோயா – கிங்ஸ் கேன்யன், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, ஸையன்.

கணவன் மனைவி இருவர் கிராண்ட் கேன்யன் மட்டும் போகிறார்கள் என்று வையுங்கள். காருக்கு 35, இருவருக்கும் கூடுதலாக 200, மொத்தம் 235. பாஸுக்கு இன்னும் 15 டாலர் போட்டால் போதும். அதே இருவர் ஸையன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் போனால் பாஸ் இல்லாமல் 705 டாலர், பாஸோடு 250. பெரியவர்கள் மூவர் என்றால் ஒரே ஒரு பார்க்குக்கே 335 ஆகிவிடும். தனியாக வந்து அந்தப் பட்டியலில் ஒரே பார்க் மட்டும் பார்ப்பவருக்குத்தான் (135 டாலர்) பாஸ் தேவைப்படாது. அவருக்கும் இரண்டாவது பார்க் சேர்ந்தால் 270, அப்போது பாஸ்தான் மலிவு.

இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தக் கூடுதல் கட்டணம் 11 பார்க்கில்தான். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், கேப்பிட்டல் ரீஃப், மேசா வெர்டே, டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ, ஒலிம்பிக், மவுண்ட் ரெய்னியர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. மோவாப் ஊரில் தங்கி ஆர்ச்சஸையும் கேன்யன்லேண்ட்ஸையும் பார்த்தால், எத்தனை பேர் காரில் இருந்தாலும் 60 டாலரோடு முடிந்தது. அழகில் இவை எதற்கும் குறைந்தவை இல்லை. கேன்யன்லேண்ட்ஸின் மேசா ஆர்ச்சில் விடியற்காலையில் போய் நில்லுங்கள். சூரியன் மேலே வந்ததும் வளைவின் அடிப்பக்கப் பாறை முழுக்க ஆரஞ்சு நிறமாகிவிடும், அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு அடுக்கடுக்காக இறங்கிப் போகும். கிராண்ட் கேன்யனைத் தவறவிட்டதாக யாருக்கும் தோன்றாது.

எச்-1பி, எஃப்-1 விசாவில் இங்கேயே இருக்கிறோம். எங்களுக்கு 80-ஆ, 250-ஆ?

வசிப்பவர் என்பதற்குக் காட்டவேண்டியது அமெரிக்க அரசு கொடுத்த, காலாவதியாகாத, புகைப்படம் உள்ள அடையாள அட்டை. மாநில டிரைவிங் லைசன்ஸ் அல்லது மாநில ஐடி, அமெரிக்க பாஸ்போர்ட், கிரீன் கார்டு போன்றவை. அதனால் உள்ளூர் லைசன்ஸ் இருக்கிறவர்கள் அதைக் கையோடு எடுத்துப் போங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினால் வேலைக்கு ஆகாது. கார் ஓட்டாதவர்கள் ஒரு மாநில ஐடி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மற்ற இடங்களிலும் பயன்படும்.

அம்மா அப்பா ஆறு மாதம் வந்திருக்கிறார்கள். எங்கள் காரில் எங்களோடுதான் வருவார்கள். பட்ஜெட்டில் என்ன போடுவது?

பாஸின் பொதுவிதி இது: பாஸ்காரர் காரில் இருந்தால், அந்தக் காரில் இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் தீர்ந்தது. பெற்றோர் விருந்தினர் விசாவில் இருந்து, நீங்கள் போகும் பார்க் அந்த 11-இல் ஒன்றாக இருந்தால், கிளம்புவதற்கு முன் அந்தப் பார்க்கின் கட்டணப் பக்கத்தில் வெளிநாட்டினர் பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள். பார்க்குக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி, ஏனென்றால் பின்னால் இருபது கார் நிற்கும்போது வாசலில் விதி பேச முடியாது.

பட்ஜெட்டுக்கு ஒரு பாதுகாப்பான எண் வேண்டும் என்றால் 250 என்று எழுதிக்கொள்ளுங்கள். வெளிநாட்டினருக்கான பாஸும் காரிலுள்ள அனைவருக்கும் செல்லும் என்பதால், எத்தனை பார்க் போனாலும் உங்கள் காருக்கு நுழைவுச் செலவு அந்தத் தொகையைத் தாண்டாது. 80-இல் முடிந்தால் மிச்சம்.

பெற்றோருக்கு கிரீன் கார்டு இருக்கிறது. சலுகை உண்டா?

உண்டு, நல்ல சலுகை. 62 வயது நிரம்பிய குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சீனியர் பாஸ்: ஒரு வருடத்துக்கு 20 டாலர், ஆயுள் முழுவதற்கும் 80 டாலர். 2017 ஆகஸ்ட் வரை ஆயுள் பாஸ் வெறும் 10 டாலராக இருந்தது. இப்போதைய விலையும் மோசமில்லை. வருட பாஸ் நான்கு சேர்ந்தால் அவற்றைக் கொடுத்து ஆயுள் பாஸாக மாற்றிக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் பலர் கவனிக்காத விஷயம், அப்பாவிடம் சீனியர் பாஸ் இருந்து அவரும் காரில் வந்தால், மொத்தக் குடும்பமும் அதிலேயே உள்ளே போகலாம். தனியாக 80 டாலர் பாஸ் வாங்கத் தேவையில்லை. ஆனால் அவர் ஹோட்டலில் ஓய்வெடுக்கும் நாளில் அவர் பாஸை எடுத்துக்கொண்டு நீங்கள் போக முடியாது. பாஸில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையும் பொருந்தவேண்டும். பல முகாம் இடங்களில் சீனியர் பாஸுக்குப் பாதிக் கட்டணச் சலுகையும் உண்டு.

நிரந்தர உடல் குறைபாடு உள்ள குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அக்சஸ் பாஸ் இலவசம், ஆயுளுக்கும் செல்லும். இதற்குத் தகுதியுள்ளவர்கள் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அது அவர்களுக்கு உரியது.

பையன் நாலாம் வகுப்பு படிக்கிறான். ஏதோ இலவச பாஸ் என்கிறார்களே?

எவ்ரி கிட் அவுட்டோர்ஸ் என்ற திட்டம். அமெரிக்காவில் நாலாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை இலவச பாஸ். பிள்ளை காரில் இருந்தால் குடும்பத்துக்கே செல்லும். தேதியைப் பாருங்கள்: நாலாம் வகுப்பு முடிந்து வரும் கோடை விடுமுறையும் இதற்குள் அடங்குகிறது. ஜூலையில் "இனி அவன் ஐந்தாம் வகுப்பாயிற்றே" என்று விட்டுவிடாதீர்கள். அந்தத் திட்டத்தின் தளத்தில் வவுச்சரை எடுத்து, அச்சிட்டு, கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால், பெரிய பயணத்தை யாராவது ஒருவர் நாலாம் வகுப்பில் இருக்கும் வருடத்தில் வையுங்கள்.

மூன்று குடும்பம் சேர்ந்து போகிறோம். ஒரு பாஸ் போதுமா?

ஒரு பாஸ், ஒரு கார். மூன்று காரில் போனால் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம் அல்லது தனித்தனி பாஸ். முன்னால் போகிறவர் பாஸைக் காட்டி, "பின்னால் வருவதும் எங்கள் ஆட்கள்தான்" என்றால் விடமாட்டார்கள்.

15 பேர் வரை உட்காரும் வேன் வாடகைக்கு எடுத்தால் அது ஒரே வண்டிதான், கட்டணமும் ஒன்றுதான். பார்க்கிங் தேடும் தொல்லையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பெரிய குழுவுக்கு நான் வேனைத்தான் சொல்வேன். சுற்றுலா நிறுவனத்தின் பஸ்ஸில் போனால் இந்த விதிகள் மாறும். டிக்கெட் விலையில் பார்க் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, வெளிநாட்டினருக்கான 100 டாலரும் அதில் அடக்கமா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள்.

தலைக்குக் கட்டணம் வாங்கும் இடங்களும் இருக்கிறதா?

இருக்கிறது. கார்ல்ஸ்பாட் குகை, மியூர் வுட்ஸ் இரண்டிலும் ஆளுக்கு 15 டாலர். அங்கே பாஸ்காரரோடு இன்னும் மூன்று பெரியவர்கள் போகலாம். ஐந்தாவது பெரியவருக்கு 15 டாலர் தனி.

பாஸ் இருந்தும் பணம் கட்டவேண்டிய இடங்கள் எவை?

பட்ஜெட்டில் ஓட்டை விழுவது இங்கேதான். பாஸ் கையில் இருக்கிறது, எல்லாம் இலவசம் என்ற நினைப்பில் போவோம்.

லாஸ் வேகஸிலிருந்து போகும் பலரும் கண்ணாடித் தரை கொண்ட ஸ்கைவாக் பார்க்க ஆசைப்படுவார்கள். அது இருப்பது கிராண்ட் கேன்யன் நேஷனல் பார்க்கில் இல்லை. ஹுவாலாபாய் பழங்குடியினரின் நிலத்தில், கிராண்ட் கேன்யன் வெஸ்ட் என்ற இடத்தில். அதற்குத் தனி டிக்கெட், பாஸ் செல்லாது. ஆன்டிலோப் கேன்யனும் மானுமென்ட் வேலியும் நவஹோ பழங்குடியினருடையவை. மானுமென்ட் வேலியில் ஆளுக்கு 8 டாலர். ஆன்டிலோப் கேன்யனுக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும், நால்வருக்கு ஆகும் செலவு வருடாந்திர பாஸின் விலையைத் தாண்டிவிடும். அது அவர்கள் பூமி, அவர்கள் பிழைப்பு. அந்தப் பணத்தைத் தனி வரியாக எழுதி மனமாரக் கொடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் ஹார்ஸ்ஷூ பெண்டில் வண்டி நிறுத்தும் இடம் பேஜ் நகராட்சியுடையது, காருக்கு 10 டாலர்.

மவுண்ட் ரஷ்மோரில் நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் பார்க்கிங் 10 டாலர். கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸிலும் நுழைவு இலவசம். 2023 மார்ச் முதல், 15 நிமிடத்துக்கு மேல் வண்டி நிறுத்த பார்க்கிங் டேக் வேண்டும், நாளைக்கு 5, வாரத்துக்கு 15, வருடத்துக்கு 40 டாலர். இரண்டிலும் பாஸ் எடுபடாது. அல்காட்ராஸ் போகும் படகு, மேமத் கேவ், விண்ட் கேவ் போன்ற இடங்களின் குகைச் சுற்று, முகாம் கட்டணம் எல்லாமே தனி. மாநிலப் பூங்காக்கள் வேறு நிர்வாகம்: நயாகரா, மோவாபுக்குப் பக்கத்து டெட் ஹார்ஸ் பாயிண்ட், தெற்கு டகோட்டாவின் கஸ்டர் எல்லாம் அந்த வகை.

முன்பதிவுக்கும் பணமா?

சில இடங்களில் ஆமாம், சின்னத் தொகைகள். ஹவாயில் ஹாலேயாகலா மலைமேல் சூரியோதயம் பார்க்க ஒரு காருக்கு 1 டாலர். அகேடியாவில் கேடிலாக் மலைச் சாலைக்கு 6 டாலர். ஸையனில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற, குலுக்கலில் விண்ணப்பிக்க 6 டாலர், இடம் கிடைத்தால் ஆளுக்கு 3. இவை நுழைவுக் கட்டணத்துக்கு மேல் வருபவை. பணத்தைவிட இங்கே தேதிதான் முக்கியம்: முன்பதிவு இல்லாவிட்டால், பாஸ் இருந்தாலும் அந்த இடத்துக்கு விடமாட்டார்கள். நேரம் குறித்து நுழையும் முறையை ஒரு வருடம் வைப்பார்கள், மறுவருடம் எடுப்பார்கள். பழைய பயணக் குறிப்புகளை நம்பாமல் அந்த வருடத்து அறிவிப்பைப் பாருங்கள்.

இலவச நாட்களில் போனால் மிச்சமாகுமா?

2026-இல் இலவச நாட்கள் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும்: பிப்ரவரி 16 அதிபர்கள் தினம், மே மாத நினைவு தினம், ஜூன் 14, ஜூலை 3 முதல் 5 வரை, ஆகஸ்ட் 25, செப்டம்பர் 17, அக்டோபர் 27, நவம்பர் 11. வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு பார்க் இருந்தால் தாராளமாகப் போங்கள். தூரப் பயணத்தை இதற்காக மாற்றாதீர்கள். மிச்சமாவது 35 டாலர். நீண்ட வார இறுதியில் ஹோட்டல் ஏறும் விலை அதை ஒரே இரவில் விழுங்கிவிடும்.

நுழைவுக் கட்டணமே இல்லாத நேஷனல் பார்க்குகளும் உண்டு: ரெட்வுட், நார்த் கேஸ்கேட்ஸ், கயஹோகா வேலி, நியூ ரிவர் கார்ஜ், காங்கரீ, ஹாட் ஸ்பிரிங்ஸ். அங்கே எந்த நாளும் இலவச நாள்தான்.

ஒரே பார்க்குக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு?

பார்க்குக்கென்றே தனி வருடாந்திர பாஸ் இருக்கிறது. 35 டாலர் பார்க்குகளில் 70. பொது பாஸுக்கும் அதற்கும் 10 டாலர்தான் வித்தியாசம் என்பதால் நான் பொது பாஸையே சொல்வேன். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பக்கம் மட்டும் சுற்றுகிறவர்களுக்கு 55 டாலரில் தென்கிழக்கு யூட்டா பாஸ் நல்ல பேரம்.

பாஸை எப்போது, எங்கே வாங்குவது?

பாஸ் வாங்கிய மாதத்தில் தொடங்கி, அடுத்த வருடம் அதே மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஜூன் 1-இல் வாங்கினால் அடுத்த ஜூன் 30 வரை, ஏறக்குறைய பதின்மூன்று மாதம். மே 30-இல் பயணம் தொடங்குகிறது என்றால் முதல் பார்க்கைக் கட்டணம் இல்லாததாக வைத்துக்கொண்டு, ஜூன் பிறந்ததும் வாங்கலாம். அப்படிச் செய்தால் இரண்டு கோடை விடுமுறைகள் ஒரே பாஸில் அடங்கும்.

வாசலிலும் கிடைக்கும், ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் டிஜிட்டல் பாஸாகவும் கிடைக்கும். டிஜிட்டல் வாங்கினால் வீட்டிலேயே போனில் இறக்கி வையுங்கள். பல பார்க் வாசல்களில் சிக்னல் சுத்தமாக இருக்காது. வாசலில் வாங்க நினைப்பவர்கள் கார்டு கொண்டுபோங்கள், பல பார்க்குகள் இப்போது ரொக்கம் வாங்குவதில்லை. அட்டையாக வாங்கினால் தொலைக்காமல் பாருங்கள். வருடாந்திர அட்டை தொலைந்தால் புதிதாகத்தான் வாங்கவேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு சொல்ல முடியுமா?

லாஸ் வேகஸில் இறங்கி ரெட் ராக் கேன்யன், ஸையன், பிரைஸ், பேஜ், கிராண்ட் கேன்யன் சுற்றி மறுபடி வேகஸ். காரில் இரண்டு பெரியவர், இரண்டு சிறு பிள்ளைகள், எல்லோரும் இங்கே வசிப்பவர்கள். ரெட் ராக் 20, மற்ற மூன்று பார்க்கும் 105, ஆக 125. பாஸ் எடுத்தால் 80. ரெட் ராக்கில் அக்டோபர் முதல் மே வரை நேர முன்பதிவுக்கு 2 டாலர். ஹார்ஸ்ஷூ பெண்ட் 10. பெற்றோர் ஏஞ்சல்ஸ் லேண்டிங் முயன்றால் 6, கிடைத்தால் இன்னும் 6. மொத்தம் 104. ஆன்டிலோப் கேன்யன் சுற்றின் விலையை முன்பதிவு செய்யும் நாளில் பார்த்து அதன் மேல் கூட்டுங்கள். பெரியவர் இருவரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால் 80-க்குப் பதில் 250, மற்ற வரிகளில் மாற்றம் இல்லை.

ஸையனிலும் கிராண்ட் கேன்யன் தென் விளிம்பிலும் உள்ளே சுற்றும் ஷட்டில் பஸ் இலவசம். அதற்குத் தனியாக எதுவும் ஒதுக்க வேண்டாம்.

விடியற்காலையில் வாசலில் ஆளே இல்லையே, அப்படியே போய்விடலாமா?

கட்டணம் எந்நேரமும் உண்டு. சில இடங்களில் இயந்திரம் இருக்கும், அங்கே கட்டலாம். இல்லாவிட்டால் திரும்பும்போது வாசலில் கட்டுங்கள். 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசூலாகும் நுழைவுக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் அந்தப் பார்க்கிலேயே செலவாகிறது: நடைபாதை, கழிப்பறை, தடுப்புச் சுவர், நீங்கள் ஏறப்போகும் அந்த ஷட்டில் பஸ். ஆள் இல்லாத வாசலிலும் அந்தப் பணத்தைக் கட்டிவிடுங்கள்.